ஆறாவது சிலிண்டரின் சத்தம்

சோமனூரில் சத்தமில்லாத நாள் என்று ஒன்று உண்டென்றால், அது மாதம் ஒருமுறை பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தும் நாள்தான். மற்ற நாளெல்லாம் என் பட்டறையைச் சுற்றி விசைத்தறிகள் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த இரைச்சலில் ஒரு என்ஜினுக்குள் எது தட்டுகிறது, எங்கே தட்டுகிறது என்று காதால் கண்டுபிடிக்கவே முடியாது. அதனால் நான் பூட்டிய எந்த என்ஜினையும் கரண்ட் இல்லாத அந்தப் பகலில்தான் முதன்முதலில் ஸ்டார்ட் செய்து கேட்பேன். இதற்காக வாடிக்கையாளர்கள் என்னைத் திட்டுவார்கள். அவசரமென்றால் வேறு பட்டறையைப் பாருங்கள் என்று நானும் திருப்பித் திட்டுவேன்.

சேற்றிலும் மேட்டிலும் ஏறும் போட்டி ஜீப்புகளுக்கு என்ஜின் கட்டுவது என் தொழில். என் அக்காவின் கணவர்தான் என் முதல் வாடிக்கையாளர். மிகப் பெரிய தொல்லையும் அவரேதான். மச்சானுக்கு உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பு. தேங்காய் வியாபாரம் பார்த்த நேரம் போக மிச்ச நேரமெல்லாம் ஜீப் பைத்தியம். அவருடைய ஜீப்பில் இருந்தது வெளிநாட்டு ஆறு சிலிண்டர் என்ஜின். அதற்கு எந்தக் கேம்ஷாஃப்ட், எந்த டேப்பட் என்பதில் எங்களுக்குள் பெரிய சண்டையே நடந்தது.

விஷயம் இவ்வளவுதான். கேம்ஷாஃப்ட் சுற்றும்போது அதிலுள்ள மேடுகள் டேப்பட்டுகளைத் தூக்கும், அதனால் வால்வு திறக்கும். ஹைட்ராலிக் டேப்பட்டுக்குள் ஆயில் நிரம்பி இடைவெளியைத் தானே மூடிக்கொள்ளும், சத்தம் வராது. சாலிட் டேப்பட் வெறும் இரும்பு. கொஞ்சம் இடைவெளி விட்டுத்தான் பூட்ட வேண்டும். அந்த இடைவெளிதான் டிக் டிக்கென்று தட்டும். சேற்றில் ஏற, குறைந்த வேகத்தில் நல்ல இழுவை வேண்டும். அதற்கு மேடு தணிந்த கேமும் ஹைட்ராலிக் டேப்பட்டும் போதும் என்றேன். அவருக்கோ உயர்ந்த மேடும் சாலிட் டேப்பட்டும் எகிறிப் பறக்கும் வேகமும் வேண்டும்.

"என்ஜின் பேசோணும் மாப்ள. பேசாத என்ஜினக் கட்டீட்டு யாரு மாரடிக்கறது?" என்பார்.

கடைசியில் அவர் பிடிவாதமே ஜெயித்தது. அதோடு நிற்காமல், ஆறாவது சிலிண்டரின் டேப்பட்டுகளை மட்டும் மற்றவற்றைவிடச் சற்று லூசாக வைக்கச் சொன்னார். ஐந்து மெதுவாகத் தட்டும், ஆறாவது கொஞ்சம் ஓங்கித் தட்டும். "தாளம் தப்புனா உடனே எனக்குத் தெரிஞ்சு போயிருமல்லோ" என்று அதற்கு ஒரு காரணமும் சொன்னார். சுத்தக் கிறுக்குத்தனம். முனகிக்கொண்டே வைத்துக் கொடுத்தேன்.

தினமும் காலையில் தோப்பு வீட்டு ஷெட்டில் ஜீப்பை ஸ்டார்ட் செய்துவிட்டு, என்ஜின் சூடேறும்வரை அதிலேயே உட்கார்ந்திருப்பார். அந்தத் தட்டல் கேட்டதும் அக்கா அடுப்பில் பால் வைப்பாள். பால் பொங்குவதற்கும் அவர் உள்ளே வருவதற்கும் சரியாக இருக்கும். ஒருநாள் காப்பி ஆறிப்போயும் அவர் வரவில்லை. அக்கா போய்ப் பார்த்தபோது ஸ்டீயரிங்கில் கைவைத்தபடியே உயிர் போயிருந்தது. என்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அக்காதான் சாவியைத் திருப்பி அதை நிறுத்தினாள்.

காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு அக்கா அந்தப் பேச்சை ஆரம்பித்தாள். காலையில் ஷெட்டிலிருந்து ஜீப்பின் சத்தம் கேட்கிறதாம். பேட்டரியைக் கழற்றி நான்தான் எடுத்து வந்திருந்தேன். எலியாக இருக்கும், தென்னை மட்டையாக இருக்கும் என்று கேலி செய்து பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் அவள் மகனுக்குப் பயம் வந்துவிட்டது. தோப்பை விற்றுவிட்டு அம்மாவைத் தன் அப்பார்ட்மெண்டுக்கே கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டப் போவதாகச் சொன்னான். அந்த வீட்டை விட்டுக் கிளப்பினால் அக்கா ஒடிந்துபோவாள் என்று எனக்குத் தெரியும். சத்தம்தானே பிரச்சினை, அதைத் தொலைத்துவிடுகிறேன் என்று ஜீப்பைப் பட்டறைக்கு ஏற்றி வந்தேன்.

"வண்டி சரியான பொறவும் அம்மா அதையே சொன்னாங்கன்னா, ஞாயித்துக்கெழம வந்து கூட்டீட்டுப் போயிடறனுங்க மாமா" என்றான் மகன்.

நான் ஆசைப்பட்டபடியே மேடு தணிந்த கேமும் ஹைட்ராலிக் டேப்பட்டும் பூட்டினேன். செத்தவரிடம் சண்டையில் ஜெயித்த மாதிரி இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. கழற்றிய டேப்பட்டுகளை ஒரு முட்டை அட்டையில் வரிசை மாறாமல் அடுக்கி, பழைய கேமோடு அலமாரியில் வைத்தேன். ஒரு டேப்பட் எந்த மேட்டில் உரசித் தேய்ந்ததோ, அந்த மேட்டோடுதான் அது வாழும். இடம் மாற்றிப் போட்டால் இரண்டுமே கெட்டுவிடும்.

கரண்ட் நிற்கும் நாளன்று அக்காவை வரச் சொன்னேன். தறிகள் ஒவ்வொன்றாக அடங்கி, ஊரே வாயடைத்துப் போன மாதிரி ஆனது. ஸ்டார்ட் செய்தேன். புதுக் கேமைப் பழக்கக் கொஞ்ச நேரம் வேகமாக ஓட்டிவிட்டு, பிறகு தணித்தேன். பானட்டின் மேல் கைவைத்தால்தான் ஓடுகிறது என்றே தெரியும். ஒரு தட்டல் இல்லை. அக்கா காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

"ஓடுதா கண்ணு?"

"ஓடுதுங்கக்கா. இனி சத்தமே வராதுங்க" என்று சொல்லிச் சாவியைத் திருப்பினேன்.

என்ஜின் நின்றது. அதற்குப் பிறகுதான் கேட்டது.

முதலில் சைலன்ஸர் ஆறுகிற சத்தம் என்று நினைத்தேன். சூடான குழாய் ஆறும்போது அப்படித் தட்டும். ஆனால் அதற்குத் தாளம் கிடையாது, இதற்கு இருந்தது. ஐந்து மெதுவாக, ஆறாவது ஓங்கி. மறுபடி ஐந்து மெதுவாக, ஆறாவது ஓங்கி. ஜீப்பிலிருந்து வரவில்லை. என் முதுகுக்குப் பின்னால், அலமாரியிலிருந்து வந்தது. போய் முட்டை அட்டையின் மேல் கைவைத்தேன். எந்த டேப்பட்டும் அசையவில்லை. ஆனால் வெயிலே படாத அந்த அலமாரியில் இரும்பு வெதுவெதுப்பாக இருந்தது, இப்போதுதான் என்ஜினிலிருந்து கழற்றிய மாதிரி. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

அக்கா அலமாரியைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குக் கேக்குதா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஊரில் காதுக்காகப் பேர் வாங்கியவன் நான். ஒரு வார்த்தையில் என் பேரும் தப்பியிருக்கும், ஞாயிற்றுக்கிழமை அக்காவும் பெங்களூர் போயிருப்பாள்.

"கேக்குதுங்கக்கா" என்றேன்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மச்சான் செத்த வீட்டில்கூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. "அப்ப எனக்குப் புத்தி கெட்டுப்போகுலே. கெட்டுப்போகுலே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் எதிரிலேயே மகனுக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். அவன், "நீங்களுமாங்க மாமா?" என்று மட்டும் கேட்டான். அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் வரவில்லை.

"பழசையே போட்டுக் குடுத்துரு கண்ணு. அவரு சாமான் அவரு வண்டீலயே இருக்கட்டும்" என்றாள் அக்கா. முட்டை அட்டையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, அதனதன் மேட்டில் பூட்டினேன். ஆறாவதைப் பழையபடி லூசாகவே வைத்தேன். பேட்டரியையும் மாட்டிக் கொடுத்தேன். அக்கா ஜீப்பை வீட்டுக்குக் கொண்டுபோய், தினமும் காலையில் தானே ஸ்டார்ட் செய்து, அந்தச் சத்தத்துக்குப் பால் வைக்கிறாள். தோப்பை விற்கும் பேச்சு இப்போது யார் வாயிலும் வருவதில்லை.

போன மாதம் கரண்ட் நின்ற நாளில் காலையிலேயே பட்டறையைத் திறந்தேன். தறிகள் அடங்கின. காலி முட்டை அட்டையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த நிம்மதியில் அக்காவுக்கு ஃபோன் போட்டேன். அவள் அடுப்படியில் நின்று பேசினாள். அவள் பேச்சுக்குப் பின்னால் ஜீப் தட்டுவது கேட்டது. ஐந்து மெதுவாக, ஆறாவது ஓங்கி.

"என்ஜின் நல்லாப் பேசுதுங்களே அக்கா, இங்க வரைக்கும் கேக்குது" என்றேன்.

"இங்கயும் இன்னிக்குக் கரண்ட் இல்ல கண்ணு, அதான் நல்லாக் கேக்குது" என்றாள் அக்கா. "ஜீப்பத்தான் டயர் மாத்தக் கொண்டு போயிருக்காங்க. சாயந்தரம்தான் வரும். இரு, பால் பொங்குது, எறக்கி வெச்சுட்டு வாரேன்."