பன்னிரண்டாவது பிஸ்கட் டின்

காலை ஏழு மணிக்கு ஆம்ஸ்டர்டாமில் ஒரு ஓட்டல் லாபியில் பதினெட்டுப் பேரை வரிசையாக நிற்க வைத்து, பூட்டிய பெட்டிகளை எல்லாம் திறக்கச் சொன்னேன். ஒன்பது மணிக்கு கோச் வந்துவிடும். மதியம் ஊருக்கு பிளைட்.

ஈப்போவிலிருந்து குரூப் கூட்டிக்கொண்டு போகும் டூர் லீடராக இருபத்திரண்டு வருடம் ஓட்டிவிட்டேன். பாஸ்போர்ட்டைத் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன், பாரிஸில் சம்பல் கேட்டுச் சண்டை போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அன்றைக்குப் பயந்ததைப் போல ஒருநாளும் பயந்ததில்லை. இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். சிரித்தாலும் பரவாயில்லை.

1. சும்மா பார்க்கத்தான்

ஆம்ஸ்டர்டாம் போகிற ஒவ்வொரு குரூப்பிலும் ஒருவர் இருப்பார். கோச்சில் என் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து குனிந்து, குரலைத் தாழ்த்தி, "அந்தக் கடைய ஒருவாட்டி காட்டுவீங்களா? சும்மா பாக்கத்தான்" என்பார். எந்தக் கடை என்று நான் கேட்பதில்லை. கஞ்சாவை மெனு கார்டு போட்டு விற்கிற கபே அந்த ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கிறது.

என் ப்ரீஃபிங் எப்போதும் ஒன்றுதான். உள்ளே போகலாம், டீ குடிக்கலாம். வேறு எதையும் தொடக்கூடாது, இழுக்கக்கூடாது, தின்னக்கூடாது, வாங்கக்கூடாது. நம் நாட்டில் இந்த விஷயத்தில் சட்டம் எப்படி என்று பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

அந்த ட்ரிப்பில் கேட்டவர் யார் தெரியுமா? கனகரத்தினம் சார். ஈப்போக்காரர், சுங்க இலாகாவில் முப்பது வருடம் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கூட நான் அவரைப் பார்த்ததில்லை.

"மாலா, ஐ வாண்ட் டு சீ. வாழ்க்கை முழுக்கப் பிடிச்ச சாமான். அதை ஒருத்தன் எப்படி கேக் மாதிரி விக்கிறான்னு பார்க்கவேணும்" என்றார்.

ஃப்ரீ டைமில் அவரும் நானும் கிளம்பினோம். கால் வலிக்கிறது, உட்கார ஒரு இடம் வேண்டும் என்று ராசம்மா அக்காவும் சேர்ந்துகொண்டார். சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் பால் மரம் வெட்டியவர். வயது அறுபத்தாறு. மகன் டிக்கெட் போட்டுக் கொடுத்து அனுப்பிவைத்திருந்தான். குளிருக்கு ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டராக மூன்று போட்டிருந்தார்.

கபே வாசலில் நின்றவன் ராசம்மா அக்காவிடம் பாஸ்போர்ட் கேட்டான். பதினெட்டு வயது ஆகிவிட்டதா என்று பார்க்கிறார்கள் என்றேன். அக்காவுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

"நல்லா பாரு தம்பி, நல்லா பாரு" என்று தமிழிலேயே சொல்லிப் பாஸ்போர்ட்டை நீட்டினார்.

உள்ளே கனகரத்தினம் சார் மூக்குக் கண்ணாடியை மாட்டி மெனு கார்டை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தார். பிறகு கவுண்டரில் போய், ஸ்டாக் எங்கே வைக்கிறாய், யார் சப்ளை, ஒரு ஆளுக்கு எவ்வளவு கொடுப்பாய் என்று ஆரம்பித்துவிட்டார். கவுண்டர்காரன் முகம் வெளுத்துவிட்டது. நான் ஓடிப்போய், "இவர் ரிட்டையர்ட், ரிட்டையர்ட்" என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது.

ராசம்மா அக்கா புதினா டீயை ஊதிக் குடித்துக்கொண்டே சுவரைப் பார்த்தார். சுவரில் பெரிய பச்சை இலை. கோப்பையிலும் அதே இலை, கவுண்டர்காரன் சட்டையிலும் அதே இலை.

"அட, மரவள்ளி எலதான்லா! விரிச்ச வெரலு மாதிரி இருக்கு பாரு. நம்ம ஊர்ல வேலிக்கு வேலி நிக்கிது. இங்க அதுக்குக் கடையே வச்சிருக்கான்" என்று எங்கள் ஊர் 'லா' போட்டுச் சொன்னார். மூக்கைச் சுளித்துக்கொண்டு, "வாடதான் சரியில்ல. கெழங்க கருக விட்டுட்டானுங்க போல" என்றும் சொன்னார்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஊருக்குப் போய்ச் சொல்ல நல்ல கதை கிடைத்தது என்று நினைத்தேனே தவிர, அது மரவள்ளி இல்லை என்று அவருக்குச் சொல்லவில்லை. முதல் தப்பு அங்கேதான்.

பில் கட்டிவிட்டு நான் வெளியே வந்தபோது அக்கா பக்கத்துச் சாமான் கடையிலிருந்து ஒரு பெரிய பையோடு வந்தார். "என்னாக்கா, ஓலே-ஓலேவா?" என்று கேட்டேன். ஊருக்கு வாங்கிப் போகிற சின்னச் சின்னப் பரிசுகளை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். "ஆமாலா, பிஸ்கட்டு" என்றார். பிஸ்கட்தானே என்று விட்டுவிட்டேன். அது இரண்டாவது தப்பு.

2. இரண்டு விரலில் பிடித்த டின்

கிளம்புகிற அன்று காலையில் எல்லாருக்கும் முன்பாக லாபிக்கு வந்தேன். ராசம்மா அக்கா அதற்கும் முன்பாகவே வந்து உட்கார்ந்திருந்தார். என் பெட்டியை அவரிடம் விட்டுவிட்டு, குரூப்புக்குக் காலைப் பசியாறல் தயாராகிவிட்டதா என்று பார்க்கப் போனேன்.

திரும்பி வந்தால் கனகரத்தினம் சார் நிற்கிறார். கையில் ஒரு டின். செத்த எலியைப் பிடிப்பதுபோல் இரண்டு விரலில் பிடித்திருந்தார். டின் மூடியில் பச்சை இலை.

ராசம்மா அக்காவின் பெட்டி எடை கூடிவிட்டதாம். அதனால் ஒவ்வொரு டின்னையும் பழைய பேப்பரில் சுற்றி, "ஒங்க பேக்குல வச்சுக்கங்க, ஊர்ல வந்து வாங்கிக்கிறேன்" என்று குரூப் முழுக்க விநியோகம் செய்திருக்கிறார். நம் ஆட்கள் இதற்கு மறுப்புச் சொல்வார்களா? ஒருத்தர் பேக்கில் இன்னொருத்தர் சாமான் போகாமல் நாம் என்றைக்குப் பயணம் செய்திருக்கிறோம்? கனகரத்தினம் சார் ஒருவர்தான் பிரித்துப் பார்த்தவர்.

"பிறத்தியார் சாமானைப் பிரிச்சுப் பார்க்காமல் நான் பெட்டியில் வைக்கிறதில்லை" என்றார்.

அதில் போதை இருந்ததா, சும்மா படம் மட்டும்தானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அந்த இலைப் படத்தோடு நம் ஊர் ஏர்போர்ட் கேஎல்ஐஏவில் போய் இறங்கி, 'இது மரவள்ளி' என்று யாரிடம் சொல்ல முடியும்? பதினெட்டுப் பேர். சிறை, பிரம்படி, அதற்கும் மேலே.

"யார் யார்கிட்ட குடுத்தீங்க?" என்று அக்காவிடம் கேட்டேன்.

"லிப்டுல பாத்தவங்ககிட்ட எல்லாம் குடுத்தேம்மா. பேரு தெரியாதே."

"மொத்தம் எத்தன?"

"பன்னண்டு."

3. பெரட்டு

எல்லாரையும் வரிசையில் நிறுத்தினேன். "என்னா, பெரட்டுக்கு நிக்க வைக்கிற மாதிரி" என்று ராசம்மா அக்கா முணுமுணுத்தார். தோட்டத்தில் விடியற்காலை ஆள் கணக்கெடுப்பதற்குப் பெரட்டு என்று பேர். நான் சிரிக்கவில்லை.

கனகரத்தினம் சார் முதலில் தன் பெட்டியைத் திறந்து போட்டார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கினார். அப்போதுதான் பார்த்தேன், மனிதருக்குப் பத்து வயது குறைந்துவிட்டது. சேலை மடிப்பு, ஷூவின் உட்புறம், ஒரு அம்மா கொண்டுவந்திருந்த சின்ன ரைஸ் குக்கர், ஒன்றையும் விடவில்லை. டின்கள் ஒவ்வொன்றாக வந்தன. அவரிடம் இருந்ததையும் சேர்த்துப் பதினொன்று. அதோடு நின்றுவிட்டது.

மணி எட்டேகால்.

"அக்கா, இன்னொன்னு எங்க?"

"தெரியலம்மா."

அங்கேதான் நான் குரலை உயர்த்தினேன். இத்தனை பேர் முன்னால் கத்தினேன். "வெளையாட்டு இல்லக்கா! யார் பேக்குல இருக்கோ அவங்களத்தான் புடிப்பாங்க. எனக்குத் தெரியாது, வேற ஆள் வச்சாங்கன்னு சொன்னா வுட மாட்டாங்க. தூக்கி உள்ள போட்டுருவாங்க!"

ராசம்மா அக்காவின் முகம் செத்துப்போய்விட்டது. பிறகு, "அத நான் தின்னுட்டேன்" என்றார்.

"என்னாது?"

"ஒரு டின்னையும் தின்னுட்டேன். ராத்திரி பசிச்சிச்சு."

போதை ஏறியிருக்குமோ என்று பயந்துவிட்டேன். அவர் கண்ணைப் பார்த்தேன், நடக்கச் சொன்னேன், எனக்கு எத்தனை விரல் என்று கேட்டேன். "அஞ்சுதான், ஒனக்கு என்னா ஆறா?" என்று பதில் வந்தது.

கனகரத்தினம் சார் மெதுவாகக் கேட்டார். "பிஸ்கட்டைச் சாப்பிட்டீங்க, சரி. டின் எங்க? டின்னையுமா சாப்பிட்டீங்க?"

சார் லாபியைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். "எல்லாப் பெட்டியும் பார்த்தாச்சு. ஒண்டுதான் பாக்கி" என்றார். அவர் பார்வை என் பெட்டியில் வந்து நின்றது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "சார், இருபத்திரண்டு வருசமா டூர் லீடர். எங்கிட்டயேவா?" என்றேன்.

"என்னுடையதை முதல்ல திறந்தேன், மாலா."

அதற்குள் ராசம்மா அக்கா விறுவிறுவென்று நடந்துபோய் என் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார். மூன்று ஸ்வெட்டரோடு, பெட்டியின் இரு பக்கத்தையும் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு.

"இத யாரும் தொறக்கக்கூடாது. நாந்தான் தின்னேன்னு சொல்றேன்ல? புடிக்கணும்னா என்னயப் புடிச்சுக் குடுங்க. அவ புள்ளகுட்டிக்காரி!"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. காலையில் நான் பெட்டியை விட்டுவிட்டுப் போன நேரத்தில் அதன் வெளிப் பையில் அக்கா டின்னை வைத்திருக்கிறார். கைத்தாங்கலாக அவரை எழுப்பிவிட்டு ஜிப்பைத் திறந்தேன். பேப்பரில் சுற்றி, மேலே ஒரு ரப்பர் பேண்ட் போட்டு, பன்னிரண்டாவது டின் இருந்தது.

"பதினொண்ணு எங்க தோட்டத்து லைனு வீட்டு ஆளுங்களுக்கு. இது ஒனக்கு" என்றார். அழுகையில் பேச்சு தடுமாறியது. "ஒரு வாரமா என் கையப் புடிச்சே கூட்டிக்கிட்டுப் போன. தெரியாம வச்சு, ஊட்ல போயி பாக்கட்டும்னு நெனச்சேன். நீதான சொன்ன, யார் பேக்குல இருக்கோ அவங்களத்தான் புடிப்பாங்கன்னு. அப்பறம் எப்படிலா சொல்லுவேன்?"

எனக்கு வெட்கமாக இருந்தது. கூட்டத்தின் நடுவில் அவரைக் குற்றவாளி மாதிரி நிற்க வைத்தேன். அவரோ எனக்காக ஜெயிலுக்குப் போகத் தயாராக என் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். அவரைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன். கனகரத்தினம் சார் மடித்துவிட்ட சட்டைக் கையை இறக்கிப் பட்டன் போட்டுக்கொண்டார்.

பன்னிரண்டு டின்களையும் ஓட்டல் குப்பைத் தொட்டியில் போட்டோம். கோச் ஐந்து நிமிடம்தான் தாமதம். கேஎல்ஐஏவில் எங்களை ஒருவரும் நிறுத்தவில்லை. அதில் கனகரத்தினம் சாருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். "இவ்வளவு ஈஸியா விடுறாங்களே" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

4. கற்றது

இப்போது கடைசி நாள் ப்ரீஃபிங்கில் எல்லார் முன்னாலும் முதலில் என் பெட்டியைத் திறக்கிறேன். அப்புறம்தான் மற்றவர்களைக் கேட்கிறேன். கத்துவதில்லை. நீங்கள் கத்தினால், பயந்த மனுசர் உண்மையைத்தான் முதலில் ஒளித்து வைப்பார். யாராவது தப்பாக ஒன்றைச் சொன்னால், சிரித்துவிட்டுப் போகாமல் அங்கேயே திருத்திவிடுகிறேன்.

ஒரு மாதம் கழித்து ராசம்மா அக்கா பஸ் ஏறி ஈப்போ ஜெலாப்பாங்கில் என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பிஸ்கட் டின். மூடி மேல் பச்சையாக ஒரு இலை, ரப்பர் பேண்டில் செருகியிருந்தது. நான் ஒரு அடி பின்வாங்கினேன்.

"வேலியில பறிச்சது. இது நெசமாவே மரவள்ளி" என்றார். உள்ளே அவர் கையால் பொரித்த மரவள்ளிக் கிழங்குச் சீவல்.

வாங்கக் கை நீட்டினேன். அக்கா டின்னைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"மொதல்ல தொறந்து பாரு. அப்பறம் வாங்குலா."