நன்னிலம் பக்கத்தில் ஒரு பங்காளி

நன்னிலத்தைத் தாண்டிய ஒரு சிற்றூரில், பாதிச் சாலையை அடைத்து நெல் காய்கிறது. பினாங்கிலிருந்தபடியே நான் அமர்த்திய வம்சாவளி ஆய்வாளர் இங்கே காரை நிறுத்தச் சொல்கிறார். என் கொள்ளுத்தாத்தா பிறந்த ஊர் இதுதானாம். எனக்கு நம்பிக்கை இல்லை. மூன்றே வாரத்தில் ஏழு தலைமுறையைப் பிடித்துவிட்ட மனிதர், இன்னும் கொஞ்சம் தூண்டினால் சோழர் வரைக்கும் போய்விடுவார்.

காலால் நெல்லைத் துழாவிக்கொண்டிருப்பவரிடம் போகிறேன்.

"இந்த ஊர்லேர்ந்து ஒருத்தர் பினாங்கு போனாராம். உங்களுக்குச் சொந்தமா இருக்கலாம்னு இவர் சொல்றாரு."

அவர் கால் நின்றுவிடுகிறது. என்னை விட்டுவிட்டு, ஆய்வாளரின் கையில் மூடியிருக்கும் ஃபைலைப் பார்க்கிறார்.

"எங்க வகையறாவுல கப்பலேறினவங்க யாருமே கிடையாதுங்க."

"நிலத்துக்காக வரலைங்க. சும்மா தெரிஞ்சுக்கத்தான்."

"எதுக்கு வந்திருந்தாலும் சரிங்க. மருதமுத்து அன்னைக்கே தன் பாகத்தை எழுதிக் கொடுத்துட்டுத்தான் போனாரு. பத்திரம் வீட்ல இருக்கு."

ஆய்வாளர் என்னைப் பார்க்கிறார். ஃபைல் இன்னும் திறக்கவில்லை. கொள்ளுத்தாத்தாவின் பெயரை நாங்கள் இருவருமே சொல்லவில்லை.