சிறுதீயில் நெஞ்செலும்பு

போன ஈஸ்டருக்கு நான் வச்ச பன்னி நெஞ்செலும்புக் குழம்புல கறியைக் கடிச்சு, எங்க அண்ணனுக்குக் கடவாய்ப் பல்லு ஒன்னு ஆடிப்போச்சு. காரியாபட்டியில இருந்து தங்கச்சி வீடுன்னு ஆசையா வந்த மனுசன், தாடையைப் பிடிச்சுக்கிட்டுத் திரும்பிப் போனாரு. கிறிஸ்துமசுக்குக் கூப்பிட்டேன். "வயிறு சரியில்ல தாயி"ன்னுட்டாரு. வயிறாம் வயிறு! அம்மா அப்பா போனப்புறம் எனக்குப் பிறந்த வீடுன்னு இருக்கிறது அந்த ஒரு ஆளுதான். இனிமே என் வீட்டுல கை நனைக்கவே மாட்டாரோன்னு உள்ளுக்குள்ள பயம்.

இந்த வருசம் நேர்லயே போய் நின்னேன். "வந்து சாப்பிட்டுப் பாருங்க. கறி வேகலைன்னா நான் இனிமே கரண்டியைத் தொடலை"ன்னு சவடால் விட்டுட்டு வந்தேன். டீச்சர் வாய், சும்மா இருக்குமா?

ஈஸ்டர் அன்னைக்கு விடிகாலை ஆராதனை முடிச்சு, சர்ச்சுக்குக் கட்டின சேலையோடயே கறிக்கடை வரிசையில நின்னு நெஞ்செலும்பு வாங்கினேன். எலும்போட உள்பக்கம் ஒரு ஜவ்வு ஒட்டியிருக்கும். அதைக் கத்தி முனையால நெம்பி, துணியால பிடிச்சு இழுக்கணும். போன வருசம் சோம்பேறித்தனத்துல அதை உரிக்கலை. கறியில மஞ்சள், உப்பு, இஞ்சி பூண்டு பிரட்டி வச்சேன். மல்லி, மிளகு, சீரகம், வரமிளகாய் வறுத்து அரைச்சேன். எண்ணெய் ஒரு கரண்டி போதும், கொழுப்பு தானா உருகி இறங்கும். எல்லாம் நல்லாத்தான் போச்சு. குக்கர் கேஸ்கட் அந்த நேரம் பார்த்துக் கிழிஞ்சு தொலைஞ்சது. சரின்னு அகலப் பாத்திரத்துல போட்டு மூடி, அண்ணன் வர்ற ஒரு மணிக்குள்ள வேகணுமேன்னு அடுப்பைக் கூட்டி வச்சுட்டுக் குளிக்கப் போனேன்.

வந்து பார்த்தா தீ மினுக்குன்னு எரியுது. எங்க வீட்டுக்காரர் வேலை! அவுக சிவகாசிப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில போர்மேன். அங்கன வாசல்லயே தீப்பெட்டி, செல்போன் எல்லாத்தையும் வாங்கி வச்சுக்கிட்டுத்தான் ஆளை உள்ள விடுவாக. இத்தனை வருசம் அப்படியே இருந்து பழகி, வீட்டுலயும் பெருந்தீயைக் கண்டா அவுக கை தானாப் போய்க் குறைச்சிரும். நான் கூட்டினேன். அவுக குறைச்சாக. மறுபடி கூட்டினேன்.

"ஏங்க, இது அடுப்புங்க! பட்டாசு மருந்து ஷெட்டு இல்ல!"

"அதான் எரியுதுல்ல, எதுக்கு அம்புட்டுத் தீ? பதறாத காரியம் சிதறாது."

"எங்க அண்ணன் இன்னைக்கும் சாப்பிடாமப் போகட்டும், உங்களுக்கு இருக்கு!"

சரி சரின்னு தலையை ஆட்டிட்டு, நான் அப்பளம் எடுக்கத் திரும்பின நேரம் திரும்பவும் குறைச்சுட்டாக. ஒரு மணிக்குக் குத்திப் பார்த்தேன். கறி விறைப்பா நின்னுச்சு. அழுகையே வந்துருச்சு. எக்கேடும் கெடட்டும்னு கோவத்துல, அவுக குறைச்ச தீயிலயே விட்டுட்டு அடுப்பங்கரைப் பக்கமே போகலை.

நல்ல வேளை, வர்ற வழியில யாரு வீட்டுலயோ உட்கார்ந்துட்டு அண்ணன் ரெண்டரைக்குத்தான் வந்தாரு. சோத்தைப் போட்டு, பயந்துக்கிட்டே ரெண்டு துண்டு வச்சேன். அவரும் பயந்துக்கிட்டேதான் எலும்பைப் பிடிச்சாரு. லேசா இழுத்ததும் எலும்பு தனியா கையோட வந்துருச்சு. கறி தட்டுலயே கிடந்துச்சு. மனுசன் எலும்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாரு. அப்புறம் ஆறு துண்டு.

"ஏத்தா, எப்படி இம்புட்டுப் பூவா வேக வச்ச?"

நான்தான்னு சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. மனசு கேக்கலை.

"உங்க மாப்ள அடுப்பைக் குறைச்சுக்கிட்டே இருந்தாக. என் இஷ்டத்துக்கு விட்டிருந்தா இன்னொரு பல்லையும் கழட்டியிருப்பேன்."

அண்ணன் சிரிச்சுட்டாரு. "என்ன மாப்ள, வீட்டு அடுப்புக்குமா பயம்?"

"பயந்தான் மச்சான்"ன்னாக எங்க வீட்டுக்காரர், தட்டைப் பார்த்துக்கிட்டே. "எனக்குக் கீழ அறுபது பேரு வேலை பாக்காக. சாயங்காலம் அம்புட்டுப் பேரும் முழுசா வீட்டுக்குப் போகணும்ல? இந்தக் கையை ஞாயித்துக்கிழமைக்கு மட்டும் எப்படி மாத்துறது?"

அண்ணன் தட்டை என் பக்கம் நீட்டினாரு.

"கிறிஸ்துமசுக்கும் நான் இங்கனதான். நீ மசாலாவை அரை தாயி. அடுப்பை மாப்ள பார்த்துக்கிடட்டும்."

பாடுபட்டதெல்லாம் நானு, பேரு அவுகளுக்கு! வாயில வந்த சண்டையை முழுங்கிட்டேன். கண்ணு கலங்கிருச்சு. எங்க அண்ணன் வருவாரு.