ஜெயித்த மண்ணைக் கழுவிய குற்றத்துக்கு நாலு தையல்

இன்று காலை ஏலப்பாறைக்குப் பக்கத்தில் நடந்த சேற்றுப் பந்தயத்தில், எங்கள் ஜீப் முதல் ஏற்றத்திலேயே ஆவி கக்கி நின்றுவிட்டது.

ஒரு காலத்தில் இந்த மலையில் எந்தக் கோப்பையையும் அடுத்த டீமுக்கு விட்டுக்கொடுக்காதவர்கள் நாங்கள். இப்போது மூன்று வருஷமாக அடிமேல் அடி.

எங்கள் டீமில் ஒரு வழக்கம் உண்டு. ஜெயித்த மண்ணை அடுத்த வெற்றி வரை கழுவக் கூடாது. கடைசியாக ஜெயித்த மண் இன்னும் வண்டியில் அப்பிக் கிடக்கிறது.

டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்காரும் எனக்கு இன்று பொறுக்கவில்லை. சர்வீஸ் ஸ்டேஷனில் நிறுத்தித் தண்ணீரைப் பீய்ச்சினேன். ரேடியேட்டரிலிருந்து செங்கல் கனத்துக்கு மண் பெயர்ந்து விழுந்தது. காற்றே போகாமல் அடைத்திருக்கிறது!

"யாருலே கழுவச் சொன்னது?"

எங்கள் டிரைவர் செல்வம் அண்ணன். நான் திரும்புவதற்குள் வீல் ஸ்பேனர் புருவத்தில் இறங்கியது. விழுந்த எனக்கு விலாவில் இரண்டு உதை. நானும் சும்மா இருக்கவில்லை. அவர் காலை வாரிவிட்டு மூக்கில் ஒன்று வைத்தேன்.

என் ரத்தம் நிற்காததைப் பார்த்து அவரே, "ஏறுலே வண்டியில" என்றார்.

ஆஸ்பத்திரி வரை செங்குத்து ஏற்றம். ஒரு இடத்தில்கூட இன்ஜின் சூடாகவில்லை. இருவரும் மீட்டர் முள்ளையே பார்த்துக்கொண்டு போனோம்.

"எப்படி அடிபட்டது?" என்றார் டாக்டர்.

"ரேஸ்ல, சார்" என்றேன்.

"ஜெயிச்சீங்களா?"



தையல் போட்டு வெளியே வந்ததும் அண்ணன் சொன்னார்: "அடுத்த தடவ ஜெயிச்சா அந்த மண்ண மட்டும் கழுவிராத, கேட்டியா?"

எங்கள் ஜீப்பில் பக்கத்து சீட் இனி காலி. புருவம் பலமானவர்கள் கமெண்டில் வரவும்.