நாற்பத்தொன்பது நிமிடம் நாற்பத்தெட்டு விநாடி

கண்ணாடிக்காரரின் துணி அலமாரிக் கதவில், உள்பக்கமாக ஒரு டைரித் தாள் ஒட்டியிருந்தது. ஒரு தேதி, அதற்குக் கீழே 49:48, அவ்வளவுதான். பத்து கிலோமீட்டரை ஐம்பது நிமிடத்துக்குள் அவர் ஓடி முடித்த ஒரே நாள் அது. அன்று அவருக்கு வயது முப்பத்தொன்பது, இப்போது அறுபத்தொன்று. சட்டை எடுக்கக் கதவைத் திறக்கும்போதெல்லாம் அந்த எண்ணை ஒரு முறை பார்த்துக்கொள்வார். கல்யாணப் படம் பரணில் கிடக்கிறது, காகிதத் துண்டுக்கு வந்த வாழ்வைப் பாருங்கள் என்று மனைவி வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பதுண்டு.

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பது அவர் வேலை. முன்னால் கடை பளபளவென்று இருக்கும். பின்னறையில் ஒரு ஸ்டூல், தேய்க்கும் இயந்திரம், வெள்ளைச் சேறு படிந்த தொட்டி, ஒரு விளக்கு. கால் பவர் பிசகினாலும் போட்டுக்கொள்கிறவருக்குத் தலை சுற்றும். அதனாலேயே ‘ஏறக்குறைய’ என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு முகம் கடுத்துவிடும். கறிகாய்க் கடையில்கூட எடை முள் நிற்கும்வரை பையை நீட்ட மாட்டார்.

அப்படிப்பட்டவரை ஓட வைத்தவர் அடுத்த தெருவில் இருந்த சர்வேயர். நில அளவை அலுவலகத்தில் வேலை; உரத்த குரல், கொஞ்சம் வாய் நீளம். மூக்குக்கண்ணாடி வாங்க வந்த இடத்தில் பின்னறையை எட்டிப் பார்த்து, “நாள் பூரா இப்படியே குனிஞ்சு உக்காந்திருந்தா நீயும் ஸ்டூலும் ஒண்ணாயிடுவீங்க. நாளைக்குக் காலையில பம்ப் ஹவுஸ் கேட்டுக்கு வா” என்றார். முன்பின் பழக்கமில்லாத ஆளை எடுத்த எடுப்பிலேயே ‘நீ’ என்றால் யாருக்கும் கோபம் வரும். இவருக்கு ஏனோ வரவில்லை. மறுநாள் போய் நின்றார். முதல் நாள் இரண்டு விளக்குக் கம்பம் தாண்டியதுமே நாக்குத் தள்ளிவிட்டது.

ஆறு மாதத்தில் கால் பழகியது. பழகியதும், எவ்வளவு தூரம் ஓடுகிறோம் என்று தெரிந்தாக வேண்டுமே என்று கண்ணாடிக்காரர் நச்சரிக்க ஆரம்பித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்வேயர் தன் சைக்கிள் சக்கரத்தின் சுற்றளவை எடுத்து, அதில் வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு போட்டார். பம்ப் ஹவுஸ் கேட்டில் கிளம்பி, கால்வாய்க் கரையோடு போய், ஆலைச் சுவரைச் சுற்றி, ரயில் பாலம் ஏறி இறங்கி, அச்சகம் வழியாகத் திரும்பக் கேட்டுக்கே வருகிற பாதை. கோடு மேலே வரும்போதெல்லாம் ஒன்று என்று எண்ணினார். நூறுக்கு ஒரு கூழாங்கல், இடது பையிலிருந்து வலது பைக்கு. சக்கரத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டியதில் இரண்டு முறை கால்வாயில் விழப் பார்த்தார். நாற்பத்தைந்து கல் பை மாறியிருந்தது. “பத்து கிலோமீட்டர். ஒரு அடி குறைஞ்சாலும் நான் வேலையை விட்டுடுறேன்” என்றார்.

அந்தக் காலைகள் மாதிரி பிறகு கண்ணாடிக்காரருக்கு எதுவும் வாய்க்கவில்லை. ஒரே ஜோடி கான்வாஸ் ஷூ, அடி தேய்ந்தால் சைக்கிள் டயரை வெட்டி ஒட்டிக்கொள்வார்கள். அச்சகத்திலிருந்து சூடான காகித வாசனை வரும். பால்காரர் எதிரே வந்தால் மணி சரியாக ஓடுகிறது என்று அர்த்தம். பாலம் ஏறும்போது மட்டும் சர்வேயர் பேச்சை நிறுத்துவார். அந்த அமைதிக்காகவே பாலம் பிடிக்கும் என்று கண்ணாடிக்காரர் கேலி செய்வார்.

மூன்றாவது வருடம் சர்வேயருக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. கேட்டிலிருந்து கிளம்பியதும் நேராகக் கால்வாய்ப் பக்கம் போகக் கூடாதாம். எதிர்ப்பக்கம் ஓடி, தெருக்கோடியில் இருக்கும் சிவப்புத் தபால் பெட்டியைத் தொட்டுவிட்டு வந்துதான் பாதையில் இறங்க வேண்டுமாம்.

“எதுக்குய்யா?”

“ராசி.”

“சரி, தொட்டுட்டு வந்து கடிகாரத்தை அமுக்கிக்கலாமா?”

“கூடாது. அமுக்கிட்டுத்தான் தொடணும்.”

சகுனம், நல்ல நேரம் என்று யாராவது பேசினாலே கிண்டலடிக்கிற ஆள், பெட்டி விஷயத்தில் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. முட்டாள்தனத்துக்காக ஒரு நிமிடம் போகிறதே என்று கண்ணாடிக்காரர் தினமும் புலம்பினார். புலம்பிக்கொண்டே தொட்டார்.

நகரத்தில் ஒரே ஒரு முறை நடந்த பத்து கிலோமீட்டர் போட்டியிலும் இருவரும் ஓடினார்கள். கூட்டத்தைக் கண்டதும் கண்ணாடிக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. இருபது வயதுப் பையன்களோடு பாய்ந்து, மூன்றாவது கிலோமீட்டரில் மூச்சு முட்டி, நெஞ்சில் குத்திய எண் தொங்க நடந்து, ஓடி, ஐம்பத்து மூன்று நிமிடத்தில் வந்து சேர்ந்தார். மறு வருடம் அந்தப் போட்டியே நின்றுபோனது. ஐம்பதை உடைக்க வேண்டுமானால் சொந்தப் பாதையில்தான் என்றாயிற்று.

உடைத்த நாளில் லேசான தூறல். சர்வேயருக்கு முட்டி வலி தொடங்கியிருந்ததால் கேட்டில் குடை பிடித்து ஸ்டாப் வாட்சோடு நின்றார். பாலத்தில் இறங்கும்போதே இன்று நடந்துவிடும் என்று கண்ணாடிக்காரருக்குத் தெரிந்துவிட்டது. கேட்டைத் தொட்டு மண்ணில் உட்கார்ந்தார். சர்வேயர் எண்ணைச் சொல்லவில்லை. முதலில் வேறொன்று கேட்டார்.

“பெட்டியைத் தொட்டியா?”

“தொட்டேன்யா. கையைப் பாரு, துரு.”

அதற்குப் பிறகுதான் சொன்னார். சொல்லிவிட்டு, குடையை எறிந்து, வலிக்கிற முட்டியோடு குதித்தார். வீட்டுக்கு வந்து டைரித் தாளைக் கிழித்து எழுதியதும் அவர்தான்.

அடுத்த வருடம் முட்டி அவரை வீட்டோடு உட்கார வைத்துவிட்டது. சாலையை அகலப்படுத்தியபோது தபால் பெட்டியையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். சிமெண்ட் பீடம் மட்டும் மிஞ்சியது. தனியாக ஓடுகிறவருக்கு ராசி எதற்கு? கண்ணாடிக்காரர் நேராகக் கால்வாய்ப் பக்கம் இறங்கி ஓடினார். ஞாயிறுதோறும் போய் சர்வேயரிடம் கதை பேசுவார். கதை எங்கே சுற்றினாலும் அந்த 49:48-இல் வந்துதான் நிற்கும்.

இந்த வருடம் மகள் ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தாள். ஓடுகிற தூரத்தை அதுவே சொல்லும். ஆசையாகக் கட்டிக்கொண்டு ஒரு சுற்று ஓடி வந்தார். 9.81 என்றது. கடிகாரம் புதிது, தடுமாறுகிறது என்று நினைத்தார். மறுநாளும் 9.81. மூன்றாம் நாளும் அதுவே.

மகள் சமாதானம் சொன்னாள். “நூத்தித் தொண்ணூறு மீட்டர்தானேப்பா, விடுங்க.”

“தானேன்னு சொல்லாத. அது எனக்கு ஒரு நிமிஷம்மா.”

ஒரு நிமிடம் கூட்டினால் ஐம்பதைத் தாண்டிவிடும். ஆக, அவர் ஐம்பதை உடைக்கவே இல்லை. இருபத்திரண்டு வருடமாகப் பொய்யைக் கதவில் ஒட்டி வைத்துக் கும்பிட்டிருக்கிறார். தாளை நகத்தால் பிரித்தெடுத்தார். கிழித்துப் போட மனம் வராமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வாழ்நாளில் நன்றாகச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள இருந்த ஒன்றும் போனது. அவருக்கு அழுகை வந்தது. சர்வேயர் மேல் ஆத்திரமும் வந்தது. சொன்னால் அந்த ஆள் நொறுங்கிப்போவார். சொல்லாவிட்டால் எதிரே உட்கார்ந்து சிரிக்க முடியாது. இரண்டு ஞாயிறு போகாமல் இருந்தார்.

மூன்றாவது ஞாயிறு காலையில் சர்வேயர் மனைவி போன் செய்தார். “என்னண்ணா கோவம்? வாசலையே பார்த்துட்டு உக்காந்திருக்காரு. டீ ஆறிப்போகுது, ரெண்டு வாரமா.”

போனார். சர்வேயர் நாற்காலியில் இருந்தார், கைத்தடி பக்கத்தில். வளைத்துப் பேச கண்ணாடிக்காரருக்குத் தெரியாது. கடிகாரத்தை நீட்டினார்.

“நம்ம பாதை பத்து இல்லையாம். ஒன்பது புள்ளி எட்டு ஒண்ணு.”

சர்வேயர் அதை வாங்கி நெடுநேரம் பார்த்தார். பிறகு தலை குனிந்தபடியே பேசினார்.

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

“சக்கரத்தோட சுற்றளவை, சைக்கிள்ல ஆள் உக்காராம எடுத்துட்டேன். நான் ஏறி உக்காந்ததும் டயர் அமுங்கிச்சு, சக்கரம் சின்னதாயிடுச்சு. அலுவலகத்துல முதல் நாளே சொல்லித் தர்ற விஷயம். மூணாவது வருஷம்தான் உறைச்சுது. நீ கடைக்குப் போனப்புறம் இரும்பு டேப்பைக் கொண்டுவந்து நாலு நாள் அளந்தேன். நூத்தித் தொண்ணூறு குறைஞ்சுது.”

“அப்பவே சொல்றதுக்கென்னய்யா?”

“எப்படிச் சொல்வேன்? ஒரு அடி குறைஞ்சா வேலையை விடுறேன்னு சொன்னவன். அதுவும் கால் பவருக்குச் சண்டை போடுற உங்கிட்ட.” கடிகாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “கேட்டுல இருந்து தபால் பெட்டி தொண்ணூத்தஞ்சு மீட்டர். போக வர நூத்தித் தொண்ணூறு.”

கடிகாரத்தோடு ஓடிய மூன்று நாளும் கண்ணாடிக்காரர் பெட்டிப் பக்கம் போகவில்லை. 49:48 ஓடிய நாளில் போயிருந்தார். கையில் துரு இருந்தது. அதை முதலில் கேட்டுவிட்டுத்தான் இந்த ஆள் குடையை எறிந்து குதித்தார்.

“எழுந்திரு” என்றார். “போலாம்.”

“எங்க?”

“பெட்டியைத் தொட.”

முட்டியோடு எங்கே போகிறீர்கள் என்று மனைவி உள்ளேயிருந்து சத்தம் போட்டது இருவர் காதிலும் விழவில்லை. பம்ப் ஹவுஸ் கேட்டில் நின்று கண்ணாடிக்காரர் கடிகாரத்தை அமுக்கினார். சர்வேயர் ஒரு கையில் தடியும் மறு கையில் இவர் தோளுமாக நடந்தார். நாலு இடத்தில் நின்றார்கள். பீடத்தை முதலில் கண்ணாடிக்காரர் தொட்டார். சர்வேயர் தடியால் தட்டினார். திரும்பிக் கேட்டுக்கு வந்து சேர்வதற்குள் இருவருக்கும் வியர்த்துவிட்டது.

கண்ணாடிக்காரர் கடிகாரத்தை நிறுத்தினார். சர்வேயர் அதைப் பார்க்காமல் ஆலைச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“எவ்வளவு காட்டுது?”

“புள்ளி ஒண்ணு ஒன்பது.” கண்ணாடிக்காரர் சட்டைப் பையிலிருந்து டைரித் தாளை எடுத்து அவர் கையில் வைத்தார். “சரியா அளந்திருக்கய்யா.”