கண்ணு வந்துட்டு

அறுபதுகள்ல தாராவியில அம்மை வந்தப்போ எனக்கும் போட்டுட்டு. அப்போ நாலு மாசம் முழுகாம இருந்தேன். பிள்ளையும் தப்பிச்சுது, நானும் தப்பிச்சேன். ஆனா ரெண்டு கண்ணுலயும் பூ விழுந்துட்டு. பகலா ராத்திரியான்னு மட்டும் தெரியும். பொறந்த மகளைத் தடவித் தடவியே ரெண்டு வருசம் வளத்தேன். மூக்கு அவ அப்பன் மூக்கு, சுருட்டை என் சுருட்டை, எல்லாம் விரலுக்குத் தெரியும். அவ மொகத்த ஒரு தடவை பாத்துட்டா போதும்னு மனசு கெடந்து அடிச்சுக்கிடும்.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னாரு: "செத்தவங்க கருவிழி மேல கண்ணாடி மாதிரி ஒரு சவ்வு இருக்கும். அதை எடுத்து உங்க கண்ணுல தச்சா பார்வை வரலாம். ஆனா கண்ணு குடுக்கத்தான் ஆள் வரணும், ரொம்பப் பேரு பயப்படுறாங்க." என் பேரை எழுதிக்கிட்டு அனுப்பிட்டாரு. கண்ணு வந்தா எங்க சந்து முனை மருந்துக்கடைக்கு போன் வரும்னு ஏற்பாடு.

செவ்வாய்க்கிழமைதோறும் எங்க வீட்டுல ஜெபக்கூட்டம். உபதேசியார் உருகி உருகி ஜெபிப்பாரு: "ஆண்டவரே, இந்த மகளுக்குச் சீக்கிரமா ஒரு கண்ணைத் தாரும்!" எல்லாரும் ஆமென்னு சத்தம் போடுவாவ. மூணு வாரம் நானும் போட்டேன். நாலாவது வாரம் மனசுல சுருக்குன்னுச்சு.

"ஐயா, நிறுத்துங்க. சீக்கிரமான்னா, யாரைச் சீக்கிரம் சாகச் சொல்லுதிய?"

முதல்ல என் வீட்டுக்காரரு குபீர்னு சிரிச்சாரு. உபதேசியாரும் சிரிச்சுட்டாரு. சிரிச்சு முடிச்சு மாத்திச் சொன்னாரு: "ஆண்டவரே, ஆயுசு முடிஞ்சு போறவுக யாரா இருந்தாலும், கண்ணைக் குடுக்கும்படி அவுக வீட்டு ஆளுக மனசுல பேசும்." அதுக்கு நான் போட்ட ஆமென் அடுத்த சந்துக்குக் கேட்டிருக்கும்.

ஒரு மத்தியானம் மருந்துக்கடைக்காரரு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ஓடி வந்தாரு. "கண்ணு வந்துட்டு, சீக்கிரம்! ஜல்தி!" சந்தே கல்யாண வீடு மாதிரி கத்துச்சு. டாக்சியில ஏறுனதும் எனக்கு அழுகை முட்டிட்டு. ஐயோ, இந்நேரம் எந்த வீட்டுலயோ அழுதுக்கிட்டு இருப்பாவளே! ஆனாலும் சந்தோசத்தை அடக்க முடியல. ரெண்டும் ஒண்ணாத்தான் வந்துச்சு.

ஆபரேசன் முடிஞ்சு தலைக்கு ரெண்டு பக்கமும் மணல் மூட்டை வச்சுட்டாவ. அசையப்படாது, இருமப்படாது, சிரிக்கப்படாது. நான் சிரிக்காம இருக்குற ஆளா? என் வீட்டுக்காரரு வாயைத் தொறந்தாலே நான் சிரிச்சுடுவேன்னு நர்சுக்கு ரெண்டாம் நாளே தெரிஞ்சுபோச்சு. பேசினா வெளிய போன்னுட்டா. பாவம், மனுசன் தெனமும் வந்து என் காலைப் பிடிச்சுக்கிட்டு ஊமையா உக்காந்திருந்தாரு.

கட்டுப் பிரிச்சப்போ முதல்ல பால் மாதிரி வெளிச்சம். நாள் ஆக ஆக ஜன்னல் கம்பி தெரிஞ்சுது, நர்சோட தொப்பி தெரிஞ்சுது. அப்பதான் என் வீட்டுக்காரரு மகளைத் தூக்கிட்டு வந்தாரு.

அடி என் ராசாத்தி! எம்புட்டு அழகு! மொகத்தைக் கையில ஏந்தி இஞ்சு இஞ்சாப் பாத்தேன். வாய்க்குப் பக்கத்துல, கன்னத்துல, கறுப்பா ஒரு மச்சம். தடவுனா விரலுக்கு அகப்படாத மச்சம்.

எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துட்டு. "ரெண்டு வருசமா எம் பிள்ளைக்கு மச்சம் இருக்குன்னு நீரு ஏன் என்கிட்ட சொல்லல?"

அவரு அந்த மச்சத்தைத் தொட்டுக்கிட்டே சொன்னாரு:

"என்னைக்காவது நீயே பாப்பன்னு நம்பி இருந்தேன்டி. அதுக்குத்தான் சந்துல ஒருத்தரையும் சொல்ல விடல."