பளிச்சம்மா பினாயில்

கடலூரை ஒட்டிய குடிகாட்டில் கெமிக்கல் கம்பெனி வேலையை விட்டபின், அருள்முருகன் பதினோரு வருடமாகக் கடலூரில் சொந்தமாகப் பினாயில் தயாரித்து விற்றுவந்தார். 'அருள் பினாயில்' என்று பெயர். கடைக்காரர்கள் அதைக் கீழ்த்தட்டில்தான் வைப்பார்கள்.

சிதம்பரத்திலிருந்த அவருடைய மச்சான், மனைவி பவானியின் தம்பி செந்தமிழ்செல்வன், அவரிடமே கேன் கேனாகப் பினாயில் வாங்கி பாட்டிலில் அடைத்து விற்க ஆரம்பித்தான். அப்போது ஓடிய ஒரு சிரிப்புப் படத்தில் கதாநாயகன் வீடு வீடாக விற்ற பினாயிலுக்குப் 'பளிச்சம்மா' என்று பெயர். படத்துக்காக யோசித்த பெயர். அப்படியொரு சரக்கு எங்கும் கிடையாது. செல்வன் அதையே லேபிளில் அச்சடித்தான். மூன்று மாதத்தில் கடலூர்க் கடைகளிலும் கண்ணுக்கு நேரான தட்டில் பளிச்சம்மா நின்றது.

அருள்முருகனுக்கு ஆர்டர் கூடியது. ஆனாலும் வயிறு எரிந்தது. ஒரு கடையில் ஒரு அம்மாள் அவருடைய பாட்டிலைத் தள்ளிவிட்டு, "பளிச்சம்மா குடுங்க, அதுலதான் வாசனை ஜாஸ்தி" என்றாள். இரண்டும் அவர் கலந்ததுதான். வீட்டுக்கு வந்தவர் ஒரு பளிச்சம்மா பாட்டிலைக் கொல்லையில் துவைக்கிற கல்மேல் வைத்து போட்டோ எடுத்தார். தன் பெயரைச் சொல்லாமல் படக் கம்பெனிக்கு மெயில் அனுப்பினார்.

இருபது நாளில் செல்வனுக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது. பதறிப்போய் போன் செய்தான்.

"மாமா, நீங்க கூட வந்தாதான் எனக்கு தைரியம்."

சிதம்பரத்தில் வக்கீல் இசைவாணி நோட்டீஸைப் படித்தார். "அவுங்க அந்தப் பேர படத்துக்குத்தான் பதிவு பண்ணிருக்காங்க, பினாயிலுக்கு இல்ல. ஆனா படத்தாலதான பேரு பரவுச்சு? அவுங்க சரக்குன்னு ஜனங்க நம்பி வாங்குறாங்கன்னு கேஸ் போடலாம். பேசி முடிச்சிக்கிறது நல்லது."

பிறகு நோட்டீஸோடு வந்த போட்டோவை மேசையில் வைத்தார். பாட்டிலுக்குப் பின்னால் ஒரு நீல டிரம் தெரிந்தது. வாராவாரம் செல்வன் கேன் நிரப்புகிற டிரம்.

"இது எங்க எடுத்ததுன்னு தெரியுதா?"

செல்வன் மாமாவின் பக்கம் திரும்பவேயில்லை. "தெரியலீங்க மேடம்."

இசைவாணி பேசியதில், படத்தின் இரண்டாம் பாகத்துக்கு விளம்பரமாகட்டும் என்று படக் கம்பெனி எழுத்துமூலம் அனுமதி கொடுத்துவிட்டது. அதோடு செல்வன் சரக்கு எடுப்பதை விழுப்புரத்துக்கு மாற்றிக்கொண்டான். பவானி கேட்டதற்கு, "அங்க ரேட் கம்மிக்கா" என்றான்.

போன மாதம் இரண்டாம் பாகம் வந்தது. பவானி வற்புறுத்தி அவரைத் தியேட்டருக்கு அழைத்துப்போனாள். திரையில் செல்வனின் பாட்டிலே வந்தது. ஜனங்கள் கைதட்டினார்கள்.

"பாருங்க, என் தம்பி பாட்டிலு!" என்றாள் பவானி.

அருள்முருகன் எழுந்து வெளியே போய், படம் முடியும்வரை வண்டி நிறுத்துமிடத்திலேயே நின்றார்.